எங்கூட்டு பாஸ்வேர்ட்

சென்ற வாரம் என் வீட்டில் கல்யாணம் என்று சொந்தமெல்லாம் பேச்சு. எனக்குத்தான் தெரியாது.

முதல் போன் குமாரபாளையத்து மச்சானிடமிருந்து. "ஏனுங்க மாப்ள, பத்திரிகை வந்துச்சு, தொறக்க மாட்டீங்குது. ஆருக்குங்க கண்ணாலம்?" என்றார். நான் விழிப்பதற்குள் வெண்ணந்தூரிலிருந்து ஒன்றுவிட்ட அக்கா. "கோகிலாவுக்கு மறுபடியும் பாத்துட்டீங்களாட்ட இருக்குது. ஒரு வார்த்தை சொல்லோணும்னு தோணலையா உனக்கு?"

கோகிலா என் மகள். கட்டிக்கொடுத்த இடம் சரிப்படாமல், குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்களிடமே திரும்பி வந்தவள். அக்கா பேசியது ஸ்பீக்கரில். குழந்தைக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தவள், தட்டை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அடுத்து வந்த போன்களை நான் எடுக்கவே இல்லை.

என்ன நடந்தது? லேப்டாப்பில் வாட்ஸப்பைத் திறந்து வைத்துக்கொண்டு இந்த வாரப் பத்திக்கு என்ன எழுதலாம் என்று மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தெரிந்தவர் ஒருவரின் எண்ணிலிருந்து ஒரு ஃபைல் வந்து விழுந்தது. 'திருமண அழைப்பிதழ்' என்று பெயர். திறந்துவிட்டேன்.

திறக்காமல்? எங்கள் பக்கத்தில் கொலைக் குற்றத்தைக்கூட மன்னிப்பார்கள். பத்திரிகை வைத்தும் எட்டிப் பார்க்காதவனை மன்னிக்கவே மாட்டார்கள். பேரன் காலம் வரைக்கும் சொல்லிக் காட்டுவார்கள். அந்த பயம் ரத்தத்திலேயே ஊறிக்கிடக்கிறது... விரல் தானாகப் போய் அமுக்கிவிட்டது.

உள்ளே மாப்பிள்ளையும் இல்லை, பெண்ணும் இல்லை. வைரஸ். அது என் பெயரைப் போட்டு என் சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் அதே பத்திரிகையை வைத்துவிட்டது. நான் போய் வைத்திருந்தால்கூட யாராவது ஒருவரை மறந்து, சண்டை வந்திருக்கும். வைரஸ் ஒருத்தரையும் விடவில்லை.

சிரிக்கிறீர்களா? நானும் கொஞ்சம் சிரித்தேன், லேப்டாப் யாருடையது என்பது நினைவுக்கு வரும்வரை. அது கோகிலாவுடையது. திங்கட்கிழமை மதியம் அதில்தான் அவளுக்கு இன்டர்வியூ. வீட்டில் இருந்தபடியே கம்பெனிக் கணக்கு பார்க்கும் வேலை. குழந்தையை விட்டுவிட்டு எங்கும் போக முடியாதவளுக்கு அதைவிட்டால் வேறு வழியில்லை. எழுதி எழுதிப் போட்டு, கடைசியாகக் கூப்பிட்டிருந்த ஒரே இடம் அது. திரையைப் பகிர்ந்து கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும், செல்போனில் வரக்கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள்.

சேலத்தில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கடைக்காரர் பார்த்துவிட்டு, "சுத்தம் பண்ணிரலாமுங்க. திங்கட்கிழமை காலைல வந்து வாங்கிக்கங்க. எதுக்கும் ஊட்டு வைஃபை பாஸ்வேர்டையும் மாத்திப்போடுங்க" என்றார். எல்லாம் சரியான யோசனைதான்.

எங்கள் தெருவுக்கு நெட் கனெக்‌ஷன் பார்ப்பவர் செல்வராஜ். ஆத்தூருக்கு அந்தப் பக்கத்துக்காரர். ஞாயிற்றுக்கிழமை வந்தார். மோடத்தைத் தட்டிவிட்டு, புது பாஸ்வேர்ட் என்ன வைக்கட்டும் என்று என் மனைவி தனத்தைக் கேட்டார்.

"எங்கூடு, ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு வெச்சுருங்க. மறக்காதில்லீங்க" என்றாள் தனம்.

அவரே எங்கள் செல்போன்களில் அதைப் போட்டுக் கொடுத்தார். நெட் பறந்தது. காபி குடித்துவிட்டுக் கிளம்பினார்.

திங்கட்கிழமை. லேப்டாப் வீடு வந்து சேர்ந்தது. கோகிலா புடவை கட்டி, தலைவாரி உட்கார்ந்தாள். வைஃபையைத் தொட்டாள். எங்கூடு ஒண்ணு ரெண்டு மூணு, ஆங்கில எழுத்தில்.

பாஸ்வேர்ட் தவறு.

மறுபடி தட்டினாள். தவறு. இரண்டு 'ஓ' போட்டாள். ஒற்றை 'யூ' போட்டாள். முதல் எழுத்தைப் பெரிதாக்கினாள். தவறு, தவறு, தவறு. செல்போன்களில் மட்டும் நெட் ஜம்மென்று ஓடுகிறது. அப்படியானால் கோளாறு லேப்டாப்பில்தானே? வைரஸ் இன்னும் போகவில்லை, உள்ளேதான் உட்கார்ந்திருக்கிறது என்று முடிவு கட்டினேன். கடைக்காரருக்குப் போன் போட்டேன். "வைரஸெல்லாம் இல்லீங்க. ஒருக்கா ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க" என்றார். பண்ணினோம். மோடத்தையும் பிடுங்கிச் செருகினோம். செல்வராஜுக்கு அடித்தால், தொடர்பு எல்லைக்கு வெளியே. தனம் மோடத்துக்கு முன்னால் நின்று கும்பிடவே ஆரம்பித்துவிட்டாள்.

நேரம் வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் என் போனில் ஹாட்ஸ்பாட் போட்டோம். எங்கள் வீட்டுக்குள் டவர் எப்போதுமே இழுபறிதான். ஆனாலும் படம் வந்தது. இரண்டு முகங்கள். வணக்கம் சொன்னார்கள், பெயர் கேட்டார்கள். பிறகு ஒரு கேள்வி — நடுவில் சில வருஷம் வேலைக்கே போகவில்லையே, ஏன்?

கோகிலா சொல்ல ஆரம்பித்தாள். எங்களிடம்கூட அவள் அப்படிச் சொன்னதில்லை. கல்யாணம், அந்த வீடு, குழந்தை, திரும்பி வந்தது... நிதானமாக, நல்ல ஆங்கிலத்தில், தலையைக் குனியாமல் சொன்னாள். நான் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் திரையைக் கவனித்தேன். அந்த இரண்டு முகங்களும் அசையவில்லை. அதில் ஒருவர் வாயைத் திறந்தபடியே நின்றிருந்தார். எப்போது அறுந்ததோ தெரியாது. என் மகள் பேசிக்கொண்டே இருந்தாள்.

மறுபடி சேரவே முடியவில்லை. "அழுவாத சாமி" என்றாள் தனம். கோகிலா அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

சாயங்காலம் செல்வராஜ் கூப்பிட்டார். "சாரி சார், கொல்லிமலைக்கு லைன் இழுக்கப் போயிருந்தேன், டவரே இல்ல. பாஸ்வேர்டா? எங்க வீடு, ஒண்ணு ரெண்டு மூணு."

"எங்கூடுதானே?"

"அது நீங்க பேசறது சார். போடும்போது 'எங்க வீடு'ன்னு சரியாத்தான் போட்டேன். நீங்க பத்திரிகைக்கெல்லாம் எழுதுறவரு... ஊடுன்னு போட்டா நல்லாவா இருக்கும்?"

எழுத்துக்கு எழுத்து மாற்றிப் பார்த்தோமே, 'வி' என்ற எழுத்து எங்களில் ஒருவருக்காவது தோன்றியதா? எப்படித் தோன்றும்? எங்கள் வாயிலேயே அது இல்லையே. வாரா வாரம் இந்தப் பக்கத்தில் 'வீடு', 'வீடு' என்று எழுதித் தள்ளுகிறேன். விட்டுப்போன அந்த ஓர் எழுத்து, வேண்டிய நேரத்தில் எனக்கு உதவவில்லை.

சொன்னபடி தட்டினாள் கோகிலா. உடனே பிடித்துக்கொண்டது. "நெட் வந்துருச்சுங்கப்பா" என்றாள். கம்பெனிக்கு நடந்ததையெல்லாம் விளக்கி மெயில் எழுதினாள். மறுநாள் பதில் வந்தது. அந்த வேலைக்கு வேறு ஆள் எடுத்துவிட்டார்களாம். அவளுடைய எதிர்காலம் சிறக்க வாழ்த்தும் இருந்தது.

குமாரபாளையத்து மச்சான் நேற்றும் கூப்பிட்டார். "கண்ணாலம் என்னிக்குங்க மாப்ள? சொன்னீங்கன்னா முன்னாலயே வந்தர்றோம்." வைரஸ் என்றால் நம்ப மாட்டேன் என்கிறார்.

பத்திரிகையோடு வந்தான் என்பதற்காகத் திருடனுக்குக் கதவைத் திறந்துவிட்டது எங்கள் வீடு... பெற்ற பெண் வந்து தட்டியபோது, ஓர் எழுத்து குறைகிறது என்று தாழ் போட்டுக்கொண்டது.