பூப்பந்துத் திடல் ஓரத்துச் சைக்கிள் கொட்டகை

மலாக்காவில் பத்து பெரண்டாம் பக்கம் எங்கள் தாமான் குடியிருப்புக்கும் நான் வேலை செய்யும் பேக்டரிக்கும் நடை தூரம் அரை மணி நேரம். பல வருடமாகப் பேக்டரி பஸ் எங்கள் வரிசை வீடுகளின் முனையிலேயே நின்று ஏற்றிக்கொண்டு போகும். பஸ் குத்தகை வேறு ஆளுக்கு மாறியதும், பேக்டரிக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இனி பஸ் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். என் கணவர் டிரெய்லர் லாரி ஓட்டுகிறவர். திங்கள் காலை ஜோகூருக்குக் கிளம்பினால் வெள்ளிதான் வீடு. எனக்கு மோட்டார் சைக்கிள் லைசன்ஸ் இல்லை. சாதாரண சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. நான் பிறந்தது லூபோக் சீனா பக்கம் ஓர் எஸ்டேட். வீட்டுக்கு வீடு சைக்கிள் இருந்தது. அது அப்பாக்களுடையது, அண்ணன்களுடையது. பெண்பிள்ளைகள் பின்னால் உட்கார்ந்து போவோம். அதை யாரும் ஒரு குறையாக நினைத்ததில்லை, நானும்தான்.

நடக்க ஆரம்பித்த இரண்டாவது மாதம் முழங்கால் வீங்கிவிட்டது.

எதிர்வீட்டில் கல்லூரி மாணவிகள் மூன்று பேர் வாடகைக்கு இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி ஜாம்பியாவிலிருந்து படிக்க வந்தவள். அவளைப் பற்றித் தாமானில் பலரும் பலவிதமாகப் பேசினார்கள். நானும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, குப்பைத் தொட்டி அருகே யாரோ போட்டுவிட்டுப் போன துருப்பிடித்த சைக்கிளை அவள் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்தேன். அடுத்த ஞாயிறு அதே சைக்கிளில் பாசாருக்குப் போய்க் கீரை வாங்கி வந்தாள்.

அன்று மாலையே கேட்டைத் தாண்டிப் போய், அதை எனக்குக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். எங்கள் பேச்சு பாதி ஆங்கிலம், பாதி மலாய். தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி வரும்.

“இது வேணாம் ஆண்ட்டி. பக்கத்து பிளாட்டுக்குக் கீழே இன்னொன்னு கிடக்கு. அதக் கொண்டு வாங்க.”

“நீ செஞ்சு தருவியா?”

“இல்ல. நீங்க செய்வீங்க. நான் பக்கத்துல இருப்பேன்.”

எனக்குச் சுருக்கென்றது. உதவி கேட்டால் பாடம் எடுக்கிறாளே என்று வீட்டுக்கு வந்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து, முழங்கால் வலி கோபத்தை ஜெயித்தது. பிளாட் காவலாளியிடம் கேட்டு அந்தச் சைக்கிளைத் தூக்கி வந்தேன்.

அவள் சொன்னபடியே ஒரு திருகாணியைக்கூடத் தொடவில்லை. நான் ஸ்பேனரைத் தப்பாகத் திருப்பித் திண்டாடும்போது, தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொள்வாள். இல்லாவிட்டால் கை தானாக நீண்டுவிடுமாம். நான் டியூபைத் தண்ணீர் வாளிக்குள் அமுக்கி, குமிழி வரும் இடத்தை நானாகக் கண்டுபிடித்தபோதுதான் கையை வெளியே எடுத்துத் தட்டினாள்.

அப்படி உட்கார்ந்திருந்த நேரங்களில் அவள் ஊர்க் கதையெல்லாம் வந்தது. அவள் அம்மா கிராமம் கிராமமாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் சுகாதாரத் தொண்டர். எல்லாத் தொண்டர்களுக்கும் எங்கிருந்தோ சைக்கிள் கொடுத்தார்கள். ஒரே வருடத்தில் பாதி சைக்கிள் மூலையில் சாய்ந்துவிட்டது. ரிப்பேர் செய்ய ஆள் இல்லை. அம்மாவும் இன்னும் சில பெண்களும் கற்றுக்கொண்டு, ஊர்ப் பொதுவில் ஒரு பட்டறை திறந்தார்கள். யார் வேண்டுமானாலும் வரலாம், கருவிகளை எடுக்கலாம். ஆனால் அவரவர் சைக்கிளை அவரவரே பழுது பார்க்க வேண்டும். “சைக்கிள் குடுத்தவங்க போயிட்டாங்க. பட்டறை இருக்கு” என்றாள்.

ஓட்டப் பழகியது பூப்பந்துத் திடலில். நாற்பத்தேழு வயதில் விழுந்தால் எல்லாருமே பார்க்கிறார்கள். ஒருமுறை நேராக லோங்காங் சாக்கடைக்குள் இறங்கினேன். நல்லவேளை அன்று தண்ணீர் ஓடவில்லை. எதிரே நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு விற்கும் மலாய் அக்கா ஓடிவந்து தூக்கிவிட்டு, என் காலைப் பார்க்குமுன் சைக்கிளைத்தான் பார்த்தார். “இந்த மாதிரி எனக்கும் ஒன்னு கெடைக்குமா?” என்று மலாயில் கேட்டார். வெள்ளிக்கிழமை வந்த கணவரிடம் விஷயத்தைச் சொன்னேன். நெடுநேரம் சிரித்தார். அடுத்த வாரம் ஜோகூரிலிருந்து ஒரு சைக்கிள் மணி வாங்கி வந்து, “அடிச்சிட்டுப் போ, ஜனங்க ஒதுங்கட்டும்” என்றார்.

நாசி லெமாக் அக்கா வந்தார். பேக்டரியில் என் லைனில் வேலை செய்யும் இரண்டு தமிழ்ப் பெண்கள் வந்தார்கள். எதிர்வீட்டுப் போர்ட்டிகோ நிறைந்து, சைக்கிள்கள் ரோட்டுக்கு வந்தன. புகாரும் வந்தது. பாலாய் ராயா பொதுமண்டபத்தில் தாமான் கூட்டம் போட்டார்கள். தலைவர் தமிழர், என் கணவருக்கு வேண்டியவர், நல்ல மனிதர்.

“வெளிநாட்டுப் பொண்ணு வீட்டு முன்னால எந்நேரமும் கூட்டம். நாளைக்கு ஒன்னு நடந்தா யாரு பதில் சொல்றது?” என்று எங்கள் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டார்.

அவள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தமிழ் புரியாவிட்டாலும் தன்னைப் பற்றிய பேச்சு என்று தெரிந்துவிட்டது, தலையைக் குனிந்துகொண்டாள். நான் அதுவரை எந்தக் கூட்டத்திலும் வாய் திறந்ததில்லை. எப்படி எழுந்தேன் என்று இப்போதும் தெரியவில்லை.

“அண்ணே, அந்தக் கூட்டத்துல நானும்தான் இருக்கேன்.”

“ஒன்னயச் சொல்லலம்மா.”

“அப்ப யாரச் சொல்றீங்க? அங்க இருக்கற எல்லாரும் இந்தத் தாமான்காரவங்கதான். வெளியூருன்னு பாத்தா அது ஒன்னுதான். எனக்கு நடக்க முடியலன்னப்போ இங்க ஒருத்தரும் என்னன்னு கேக்கல. அதுதான் பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுத்துச்சு.”

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். வீட்டு முன்னால் மட்டும் வேண்டாம், திடல் ஓரத்தில் பழைய நாற்காலி போட்டு வைத்திருக்கும் கொட்டகையைத் தருகிறோம், பொறுப்புக்கு உள்ளூர் ஆள் ஒருவர் வேண்டும் என்றார். பொறுப்பு என் தலையில் விழுந்தது. சாவியை என் கையில் கொடுத்தார்கள்.

அவளுக்கு வருத்தமாக இருக்கும் என்று நினைத்தேன். ஆரம்பித்தவள் அவள்தானே. வெளியே வந்ததும் சொன்னேன். “இல்ல ஆண்ட்டி. எங்கிட்ட இருந்தா நான் போனதும் மூடிடும்” என்றாள். உண்மையாகவே சந்தோஷமாக இருந்தாள். எனக்குத்தான், போனதும் என்ற சொல் ஒரு வாரம் மனதைப் பிடித்துக்கொண்டிருந்தது.

படிப்பு முடிந்து அவள் போன அன்று மலாக்கா சென்ட்ரல் பஸ் நிலையம் வரை வழியனுப்பப் போனோம். நாசி லெமாக் அக்கா காரச் சம்பாலோடு நான்கு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். “ஏரோப்ளேன்ல சம்பால் வாசம் வருமே” என்றேன். வரட்டும் என்று பொட்டலங்களை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

அவள் இல்லாமல் முதல் சில மாதம் கொட்டகை தடுமாறியது. எங்களுக்குள் சண்டையும் வந்தது. ஒருத்தி ஸ்பேனரை வீட்டுக்குக் கொண்டுபோய்த் திருப்பித் தரவில்லை என்று இன்னொருத்தி பேசாமல் இருந்தாள். ஆனாலும் ஞாயிறு மதியம் ஆனால் யாராவது ஒருவர் கதவைத் திறந்துவிடுவோம். இப்போது லூபோக் சீனா எஸ்டேட்டிலிருந்துகூடப் பெண்கள் வேனில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். தலைவருடைய மருமகளும் வருகிறாள். அதைப் பற்றி நாங்கள் யாரும் அவரிடம் ஒன்றும் சொல்வதில்லை.

போன கிறிஸ்துமஸ் விடுமுறையில் முதலில் சேர்ந்த நாங்கள் நான்கு பேரும் காலையிலேயே கிளம்பி டவுன் பக்கம் தெங்கேரா வரை சைக்கிளில் போனோம். அங்கே பழைய கடை வரிசை முன்னால் நின்று படம் எடுத்து அவளுக்கு அனுப்பினோம். வேர்வையில் நனைந்து, முகமெல்லாம் சிவந்து, படத்தில் ஒருத்தியும் பார்க்க நன்றாக இல்லை. மறுநாள் பதில் வந்தது. படத்தை அவள் அம்மாவிடம் காட்டினாளாம். அம்மா ஒவ்வொரு சைக்கிளாகப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, உங்கள் ஊர் மழைக்குச் செயினுக்கு என்ன எண்ணெய் போடுகிறீர்கள் என்று கேட்கச் சொன்னாராம்.

நாசி லெமாக் அக்கா ஒருமுறை சமையல் எண்ணெயை ஊற்றிச் செயினைக் கெடுத்த கதையைத்தான் முதலில் எழுதி அனுப்பினேன்.