பூச்சில்லாத ஒரு வாக்கியம்

எட்டாம் வகுப்பில் என்னை அட்வான்ஸ்டு இங்கிலீஷ் பிரிவில் போட்டார்கள். பெரிய அறிவாளி என்பதால் இல்லை. சர்ச் பூசையில் பைபிள் வாசகத்தைத் திக்காமல் வாசிப்பேன் என்பது எப்படியோ பள்ளிவரை போயிருந்தது. பிரிவில் பன்னிரண்டு பேர். மாதக் கடைசியில் இரண்டு பேரைக் கழற்றிவிடுவோம் என்று மிஸ் முதல் நாளே சொல்லிவிட்டார். அந்த இரண்டில் நான் ஒருத்தி என்று முடிவே கட்டிவிட்டேன்.

நாற்பது சொற்கள் அச்சடித்த ஒரு தாள் கொடுத்தார்கள். மெட்டஃபர், ஐரனி, லைட்டோட்டீஸ் என்று போனது. பாதி, மருந்துக்கடையில் கேட்டு வாங்குகிற பெயர் மாதிரி இருந்தது. எனக்குப் பிடித்துப்போனது யூஃபமிசம் ஒன்றுதான். சொல்லக் கூச்சமான விஷயத்தைப் பூசி மெழுகிச் சொல்வது. சாந்தோமில் எங்கள் வீட்டில் அதற்குப் பஞ்சமே கிடையாது.

வீட்டுப்பாடம் இதுதான்: ஏதாவது ஒரு சொல்லுக்குச் சொந்த வீட்டிலிருந்து ஐந்து உதாரணம். கடைசியில், வித்தியாசம் தெரிவதற்காக, எந்தப் பூச்சும் இல்லாத நேர் வாக்கியம் ஒன்று. நெட்டிலிருந்து எடுக்கவில்லை என்று பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையில் நோட்டை விரித்து, ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். கிறிஸ்துமஸ் அன்று குடித்துவிட்டு மூன்று மணிக்கே பெரியப்பா 'ரெஸ்ட்' எடுப்பது. சோபாவைக் கிழித்த சித்தி பையன்கள் 'கொஞ்சம் சுறுசுறுப்பு' என்பது. பாதிரியார் படிப்புக்குப் போன மாமா மூன்றே மாதத்தில் குருமடத்திலிருந்து திரும்பியதற்கு, 'சாப்பாடு ஒத்துக்கலை' என்று அம்மா சர்ச் பங்கு முழுக்கச் சொன்னது.

மாமா அம்மாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார். "இன்னாடி, என் மானத்த ஸ்கூல் வரைக்கும் இட்டுனு போறியா? ஒத்துக்கலன்னா ஒத்துக்கலதான்" என்றார். அம்மா மீன் வறுவலை அப்படியே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நாளாகியிருந்தது. எனக்கு ஏகப்பட்ட பெருமை.

அந்தப் பெருமையோடு நேர் வாக்கியத்தையும் சொன்னேன். 'அப்பாவின் ஆபீஸ் கே.கே. நகரில் இருப்பதால் அவர் அங்கேயே தங்கியிருக்கிறார்.'

அம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. கே.கே. நகரைவிட இரண்டு மடங்கு தூரமான தாம்பரத்துக்கே தினமும் வேலைக்குப் போய் வருகிற மாமா தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவும் அப்பாவும் பிரிந்து அப்போது ஏழு மாதம். அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் யாரும் என் காதுபடச் சொன்னதில்லை.

"அது வேணாம்டி. நம்ம வீடு ரெண்டாவது மாடின்னு எழுதேன்" என்றாள் அம்மா.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சொந்தக்காரர்கள் கதையெல்லாம் எழுதலாம், இருப்பதிலேயே உண்மையான ஒன்றை எழுதக் கூடாதா? "ஏம்மா, இதுல என்ன பூச்சு இருக்கு? நீதான சொன்ன?" என்றேன்.

அம்மா மாமாவைப் பார்த்தாள். மீன் தீயும் வாசனை வந்தது, எழுந்துபோய் அடுப்பை அணைத்தாள். வந்து, கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் மிஸ் என்னை மேசைக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்துக்கொண்டே திருத்தினார். ஐந்து உதாரணத்துக்கும் மளமளவென்று டிக். கடைசி வாக்கியத்தில் பேனா நின்றது. கீழே இருந்த கையெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இத உனக்கு யாரும்மா சொன்னது?"

"எங்க அம்மா, மிஸ்."

"அப்ப சரி" என்று அதற்கும் ஒரு டிக் போட்டார். பிரிவில் என்னை வைத்துக்கொள்வதாகவும் சொன்னார்.

சாயங்காலம் பையைக்கூடக் கழற்றாமல் அம்மாவிடம் ஓடி நோட்டைக் காட்டினேன்.

"கடைசி வரிக்குமா டிக் போட்டாங்க? ஒண்ணும் கேக்கலையா?"

"யார் சொன்னதுன்னு கேட்டாங்க. நீன்னேன். சரின்னுட்டாங்க."

அம்மா என்னை இழுத்துக் கட்டிக்கொண்டாள். விடவே இல்லை. பை முதுகில் அழுத்த, பரீட்சையில் முதல் மார்க் வாங்கினபோதுகூட இவ்வளவு நேரம் கட்டிக்கொள்ளவில்லையே, அம்மாவுக்கு இங்கிலீஷ் என்றால் எவ்வளவு ஆசை என்று நினைத்துக்கொண்டேன்.