பாஸுக்கு நாலு தார்

நான் பாஸ் கிட்டார் வாசிக்க வந்தது ஆசைப்பட்டு இல்லை. ஆறு கம்பி கிட்டாரில் இரண்டு கம்பி தொலைந்துவிட்டது, அதனால்தான் மலிவாகத் தருகிறார்கள் என்று நினைத்து வாங்கினேன்.

எழுபதுகளின் கடைசி. புனேயின் பழைய சாமான் சந்தையில் துருப்பிடித்த பூட்டுகளுக்கும் ஓடாத மின்விசிறிகளுக்கும் நடுவில் அது கிடந்தது. விற்றவனும் என்னைப்போலத்தான் நினைத்திருந்தான். இன்னும் இரண்டு தார் போட்டுக்கொண்டால் போதும், வேலை முடிந்தது என்று இந்தியில் சொன்னான். கம்பிக்கு அந்த ஊரில் தார் என்று பெயர். நான் அந்தச் சொல்லையும் கிட்டாரையும் சேர்த்து வாங்கிக்கொண்டு ஏரவாடாவுக்கு நடந்தேன்.

ஏரவாடாவில் தகரக்கூரை போட்ட ஓர் அறையில் கூலிவேலைக்காரர்களோடு இருந்தேன். பகலில் தூங்குகிறவன் எழுந்தால் இரவில் தூங்குகிறவன் படுப்பான். திண்டுக்கல் பக்கம் எட்டாம் வகுப்பில் என்னைப் பள்ளிக்கூடம் விட்டதா நான் பள்ளிக்கூடத்தை விட்டேனா என்று இப்போது நினைவில்லை. அதற்குப் பிறகு பெங்களூரில் தட்டு கழுவினேன், சோலாப்பூரில் பருத்தி மூட்டை தூக்கினேன், ஒரு சர்க்கஸில் யானைக்குத் தழை வெட்டினேன். புனேயில் ஒரு கிடங்கில் சிமெண்டு மூட்டை. ஒரு ஊர் அலுத்துவிட்டால் அடுத்த ரயில். அப்படிப்பட்டவனுக்கு, தூக்கினால் தோள்பட்டை இறங்கிவிடுகிற கனத்தில் ஒரு கிட்டார் எதற்கு என்று அறையில் எல்லோரும் கேட்டார்கள். நானும் கேட்டுப் பார்த்தேன்.

காணாமல்போன இரண்டு கம்பிகளை நான் ரொம்ப நாள் தேடினேன். கேம்ப் பக்கத்தில் வாத்தியக்கடைக்காரர் ஒருவர் கிட்டாரை வாங்கிப் பார்த்துவிட்டு, கம்பி உட்காருகிற பள்ளம் நான்குதானே இருக்கிறது, மற்ற இரண்டையும் எங்கே வைப்பாய், காதிலா என்று கேட்டார். அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன். பாஸ் கிட்டாருக்கு மொத்தமே நாலு கம்பிதான்.

கிட்டார்மேல் வீட்டுக் கதவுக்கு அடிக்கிற நீலப் பெயிண்டை யாரோ அடித்திருந்தார்கள். சுரண்டினால் சிவப்பு, அதற்குக் கீழே பச்சை. கழுத்து வில்லாக வளைந்திருந்தது. கம்பியை முறுக்குகிற நான்கு சாவிகளில் ஒன்று உடைந்துபோய் மொட்டையாக இருந்ததால், சுருதி சேர்க்கக் குறடு வேண்டும். ஈரக் கையால் தொட்டால் ஷாக் அடிக்கும். மழைக்காலத்தில் ஆம்ப்ளிஃபயரில் சொருகினால் எந்த ரேடியோவையோ பிடித்து மராத்தியில் வெங்காய விலை சொல்லும். முதல் தடவை அது பேசியபோது நான்தான் ஏதோ வாசித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

கம்பிகள் அதைவிட மோசம். பாஸ் கம்பி என்பது வெறும் கம்பி இல்லை. நடுவில் ஒரு கம்பி, அதன்மேல் இன்னொரு கம்பி சுற்றியிருக்கும். அந்தச் சுற்றின் இடுக்குகளில் வியர்வையும் அழுக்கும் போய் அடைந்துகொண்டால் சத்தம் செத்துவிடும், ஈரச்சாக்கைத் தட்டுகிற மாதிரி. புதுக் கம்பி வாங்கப் பம்பாய்க்குத்தான் போக வேண்டும். எனவே கழற்றிச் சோடாமாவு போட்டு வேகவைப்பேன். வெந்த கம்பி இரண்டு நாள் நன்றாகப் பேசும். அறையில் டீ போடுகிற பாத்திரம்தான் அதற்கும் பாத்திரம். "டீயில ஆணி கரைச்சியாடா?" என்று மூட்டைக்காரர் ஒருவர் கேட்டார். பிறகு அவர் டீயைக் கடையில் குடிக்கப் போய்விட்டார்.

அதைப் 'பாஸ்' என்று சொல்லக்கூடாது, 'பேஸ்' என்று சொல்ல வேண்டும் என்பது பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. எழுத்தைக் கூட்டிப் படித்தால் பாஸ் என்றுதான் வருகிறது. என் எட்டாம் வகுப்பு இங்கிலீஷ் அதற்கு மேல் போகாது. எங்கள் பேண்டிலும் எல்லோரும் பாஸ் என்றே சொன்னார்கள்.

பேண்டு என்பது மூன்று பேர். தலைவர் புனேக்கு வெளியே தேஹு ரோடு ராணுவத் தளவாட டெப்போவில் கிளார்க். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம், அவர் அப்பா காலத்திலேயே வந்து குவார்ட்டர்ஸில் தங்கியவர்கள். கிட்டார் வாசிப்பார், பாடுவார். டிரம்ஸ் அடிக்க அவருடைய மைத்துனன். கல்யாண வரவேற்பு, கிறிஸ்துமஸ் விழா என்று வாசிப்பார்கள். பாஸ் வாசித்தவன் துபாய்க்குப் போய்விட்டதால் என்னைக் கூப்பிட்டார்கள். நிரந்தரமாக இல்லை. தலைவருடைய சித்தி மகன் ஒருவன் ஜபல்பூரிலிருந்து மாற்றலாகி வரப்போகிறான், அவனிடம் புத்தம் புது கிட்டார் இருக்கிறது.

"ஒரு கல்யாணம் வாசி. அதுக்குப் பொறவு அவனா நீயான்னு பாப்போம்" என்றார் தலைவர்.

எனக்கு அந்த இடம் வேண்டும். இசைக்காக என்று சொன்னால் கிட்டாரே சிரிக்கும். ஞாயிற்றுக்கிழமை பயிற்சி முடிந்ததும் தலைவரின் மனைவி எல்லோருக்கும் சோறு போடுவார், நான் மதினி என்று கூப்பிடுவேன். புளி ஊற்றிய மீன் குழம்பு. நான் கிளம்பும்போது, "அடுத்த வாரம் வாரீயளா?" என்று கேட்பார். எந்த ஊரிலும் என்னிடம் அடுத்த வாரத்தைப் பற்றி யாரும் கேட்டதில்லை. சித்தி மகன் வந்துவிட்டால் அந்தக் கேள்வி அவனுக்குப் போய்விடும்.

கல்யாணம் டெப்போவில் வேலை செய்கிற இன்னொரு கிளார்க்கின் மகளுக்கு, அவர்களும் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள்தான். அதற்கு இரண்டு நாள் முன்னால், கடைசிப் பயிற்சியில், என் தடிக் கம்பி அறுந்தது. தடிக் கம்பி அறுவது அபூர்வம். நான் அடிக்கடி வேகவைத்து, கழற்றி, முறுக்கி, அந்த அபூர்வத்தைச் சாதித்திருந்தேன்.

தலைவர் வாசிப்பதை நிறுத்தவில்லை. பாட்டு முடிந்த பிறகுதான் திரும்பினார். "பொண்ணோட சித்தப்பா இன்னைக்கு பம்பாய் போறாரு. வாழை எல, மல்லியப்பூ வாங்க. ஓடிப் போய்ச் சொல்லு, ஸ்டேஷன்லதான் இருப்பாரு."

ஓடினேன். நான் பிளாட்பாரத்துக்குள் நுழைந்தபோது பம்பாய்ப் பக்கம் போகிற லோனாவாலா லோக்கல் நகரத் தொடங்கியிருந்தது. பெண்ணின் சித்தப்பா ஜன்னலோரம் காலிப் பைகளோடு உட்கார்ந்திருந்தார். கூடவே ஓடினேன். ஒரு கம்பிக்காக ஒருவரைக் கடை கடையாக அலையவிடுவதானால் முழு செட்டாகவே வாங்கிவிடலாம் என்று ஓடும்போது தோன்றியது. அந்தக் கல்யாணக் கூலியே எனக்கு வேண்டாம், அதற்குப் பதில் கம்பியாகக் கொடுக்கட்டும்.

"அண்ணாச்சி, பம்பாயில நாலு தார் வாங்கிட்டு வரணும். பாஸுக்கு."

"யாருக்கு?"

"பாஸுக்கு அண்ணாச்சி. கல்யாணத்தன்னைக்கு அது இல்லாட்டி மானம் போயிரும்."

அவர் எழுந்தே நின்றுவிட்டார். "எப்படி வேணும்?"

"நல்லா மோட்டாவா."

"நாடா?"

"நாடு வேண்டாம், ரெண்டு நாள்ல வீணாப் போயிரும். ஃபாரின் கிடைக்குமான்னு பாருங்க."

ரயில் கூவியது. அவர் கைகாட்டி, "கவலப்படாத, நாலும் வந்துரும்" என்றார். என் கிட்டாருக்காக ஒரு மனிதர் எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை. திரும்பி நடக்கும்போது, கிறிஸ்தவக் குடும்பங்களில் சங்கீதத்துக்கு எவ்வளவு மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

கல்யாணத்தன்று சர்ச்சில் தாலி கட்டி முடிந்து சாயங்காலம் வரவேற்பு. நாங்கள் மூவரும் வாடகைக்கு எடுத்த வெள்ளைக் கோட்டில் இருந்தோம். மண்டபத்தில் மூன்று கம்பியோடு கிட்டாரை நாற்காலியில் சாய்த்துவிட்டு, கோட்டுப் பையில் குறட்டை வைத்துக்கொண்டு சித்தப்பாவைத் தேடினேன். அவர் பந்திக்கும் வாசலுக்குமாக ஓடிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையாட்டினார். எல்லாம் ஆகிவிட்டது என்கிற தலையாட்டல்.

டெப்போவின் பெரிய அதிகாரி, ஒரு வடநாட்டுக்காரர், மனைவியோடு வந்து மேடைக்குக் கீழே முதல் வரிசையில் உட்கார்ந்தார். பெண்ணின் அப்பா மாலை போட்டார். அப்புறம் நான்கு பேர் உள்ளே வந்தார்கள். ஆளுக்கொரு வாழைத்தார். ஒவ்வொன்றும் ஒரு பிள்ளை உயரம். அவற்றை அதிகாரியின் காலடியில் வரிசையாக வைத்தார்கள். நல்ல பழம் என்று நானும் ரசித்தேன். அதிகாரி தன் மனைவியைப் பார்த்தார். மனைவி பழத்தைப் பார்த்தார்.

சித்தப்பா மூச்சு வாங்க என்னிடம் வந்தார்.

"திருப்திதான?"

"எங்க அண்ணாச்சி தார்?"

"வச்சாச்சே. கண்ணு தெரியலயா?"

"எனக்கு இன்னும் வரலியே."

"உனக்கு எதுக்கு? பாஸுக்குத்தான கேட்ட. நாடு வேண்டாம், மோரிஸ்தான் வேணும்னு சொன்னல்லா? மாட்டுங்கா மார்க்கெட் முழுக்க அலைஞ்சேன். ரயில் கார்டு லக்கேஜுக்குள்ள ஏத்தமாட்டேன்னுட்டான், அவன் காலப் புடிச்சு..."

தேஹு ரோடு குவார்ட்டர்ஸில் பாஸ் என்றால் ஒருவர்தான். அவர் என் முன்னால் நான்கு தார்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

நான் ஃபாரின் என்றேன், அது ரயில் சத்தத்தில் மோரிஸ் வாழை ஆகிவிட்டது. நாட்டுக் கம்பி வேண்டாம் என்றேன், நாட்டுப் பழம் வேண்டாம் என்று எடுத்துக்கொண்டார். இதை நான் சொல்லச் சொல்ல அவர் முகம் பார்க்க முடியாமல் போனது. தலைவர் கிட்டாரைத் தோளில் மாட்டியபடி வந்து எல்லாவற்றையும் கேட்டார்.

"கம்பின்னு சொல்லித் தொலைக்கிறதுக்கு என்னல?"

"தார்னாலும் கம்பிதானண்ணே."

"இந்திக்காரன்ட்ட சொன்னா கம்பி. திருநவேலிக்காரன்ட்ட சொன்னா வாழப்பழம். நீ எந்த பாஷ பேசுத?"

"தமிழ்தாண்ணே."

"அப்படின்னு ஒனக்கு யாரு சொன்னா?"

மைத்துனன் டிரம்ஸுக்குப் பின்னால் குனிந்துகொண்டான். தோள் குலுங்குவது தெரிந்தது. தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஜபல்பூர் எனக்கு நன்றாகவே தெரிந்தது.

சித்தப்பாதான் ஒரு வழி சொன்னார். அவர் ஸ்கூட்டர் டிக்கியில் ஒரு கிளட்ச் வயர் இருந்தது. அந்தக் காலத்தில் ஸ்கூட்டர் வைத்திருப்பவர் எல்லோரும் கூடவே ஒரு உபரி கிளட்ச் வயர் வைத்திருப்பார்கள். வழியில் அறுந்தால் வழியிலேயே மாட்ட வேண்டும். உறையிலிருந்து உள்கம்பியை உருவினோம். நுனியில் சின்ன உருளை ஒன்று இருந்தது. அது கிட்டாரின் அடிப்பகுதியில் இதற்காகவே செய்த மாதிரிப் போய் மாட்டிக்கொண்டது. மொட்டைச் சாவியில் சுற்றிக் குறட்டால் முறுக்கினேன்.

"நம்ம வண்டி கணக்கா சத்தம் வருது" என்றார் சித்தப்பா, கொஞ்சம் பெருமையாக.

உண்மைதான். கியர் மாற்றுகிற சத்தம். சுருதி என்று அதில் எதுவும் இல்லை. ஒரு பாட்டுக்குள்ளேயே கம்பி இளகி இறங்கும். பாட்டுக்குப் பாட்டு குறடு. பின்னல் கம்பியானதால் விரலை அரம்போல ராவியது. அதை நான் பொருட்படுத்தவில்லை, சிமெண்டு மூட்டையும் அதைத்தான் செய்யும். மறந்தது ஒன்று. கிளட்ச் வயரில் கிரீஸ் இருக்கும். இரண்டாவது பாட்டில் கோட்டின் மார்பில் ஒரு கறுப்புப் பட்டை விழுந்தது. மூன்றாவதில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். பெண்ணும் மாப்பிள்ளையும் எங்கள் பக்கம் பார்த்துப் புன்னகை செய்ததை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, இன்னும் அழுத்தி வாசித்தேன்.

போகும்போது அதிகாரி மேடையருகே வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு தன் கையைப் பார்த்தார். பெண்ணின் அப்பா கைக்குட்டையோடு ஓடி வந்தார். நான்கு தார்களையும் அதிகாரியின் ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். பின் இருக்கையில் உட்கார இடமில்லாமல் அவர் மனைவி முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டதைப் பார்த்தேன். முகத்தில் கோபம் இருந்தது.

பந்தி நடந்துகொண்டிருக்கும்போதே நாங்கள் வயர்களைச் சுற்ற ஆரம்பித்தோம். தலைவர் என் பக்கம் பார்க்காமலே வேலை செய்தார். இனிமேல் எனக்குச் சொல்லப்போவது என்ன என்று தெரிந்ததால் நான் அவசரமில்லாமல் கழற்றினேன். நாக்பூர் பக்கம் ஆரஞ்சுத் தோட்டங்களில் ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன்.

"தம்பி, சுருதியில எவ்வளவு நேரம் இருந்தன்னு நெனைக்க?" என்றார் தலைவர்.

"ஆரம்பத்துல கொஞ்சம் இருந்தேண்ணே."

"ஆரம்பத்துல நீ ஆரம்பிக்கவே இல்ல."

அவர் வயரைச் சுற்றி முடித்துக் கயிற்றால் கட்டினார்.

"ஜபல்பூர்க்காரன் ரொம்ப நல்லா வாசிப்பான்" என்றார்.

"அப்படியாண்ணே."

"அதான் யோசிக்கேன். போன வருஷம் லீவுல வந்தப்ப கூட வாசிச்சான். எல்லாரும் அவனையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. நான் பாடுதேன், பாக்கது அவன. ஒன்னயும் இன்னைக்கு எல்லாரும் பாத்தாங்க. ஆனா அது வேற."

மைத்துனன் மறுபடியும் டிரம்ஸுக்குப் பின்னால் குனிந்தான்.

"மூஞ்சியக் கழுவு மொதல்ல" என்றார் தலைவர். "கிட்டார எங்க வீட்டுல வச்சிட்டுப் போ. அதத் தூக்கிக்கிட்டு நீ ஏரவாடா போவியோ எங்க போவியோ. ஞாயித்துக்கிழம வேணும்."

அதுவரை நான் எந்த ஊரிலும் ஒரு பொருளைத் திரும்பி வந்து எடுப்பதற்காக விட்டுப்போனதில்லை. விட்டுப்போனது எல்லாம் விட்டுப்போனதுதான். மதினி கிட்டாரை வாங்கி, அரிசி டிரம்முக்கும் சுவருக்கும் நடுவில் சொருகினார். நான் வீசிய கையோடு லோக்கலில் ஏறினேன். தோள் ஒரு பக்கம் இறங்கியே பழகியிருந்ததால் நடக்கவே கோணலாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது கிட்டாரின் கழுத்தில் ஒரு ஈரத் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. எடுக்கட்டுமா என்று கேட்டேன்.

"காயட்டும்" என்றார் மதினி. "அதுக்குள்ள நீங்க சாப்பிடுங்க."