அக்கா போட்ட முதல் வளையல்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களில் பாதிப் பேர், அவனியாபுரம் வீட்டு விஷயத்தில் அக்காவோடு ஒரு காலத்தில் முகம் திருப்பியவர்கள்தான். அக்கா மறைந்து ஓராண்டு நிறையும் நாளில் அதையெல்லாம் கிளறாதே என்று வீட்டில் சொன்னார்கள். நான் கிளறவில்லை. அக்காவின் வாழ்க்கையைச் சொன்னால் அது தானாக வந்துவிடும், அவ்வளவுதான்.

அக்கா திருமங்கலத்தில் பிறந்தவர். சமயநல்லூரில் வாழ்க்கைப்பட்டு, பிள்ளை பெறும் முன்பே அத்தானை இழந்து பிறந்த வீடு திரும்பினார். மூலையில் முடங்கிக் கிடப்பார் என்று ஊர் எதிர்பார்த்தது. அவரோ நர்ஸ் படிப்புக்குக் கிளம்பிவிட்டார். பணிக்காலம் முழுவதும் பிரசவ வார்டில்தான். பெற்ற பிள்ளையோடு போக இடமில்லாமல் வார்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் சின்னப் பெண்களைப் பார்த்துப் பார்த்து மனம் ஆறாமல், ஓய்வு பெற்றதும் அவனியாபுரத்தில் ஒரு வீட்டைப் பிடித்தார். வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட கர்ப்பிணிப் பெண்களையும், கைக்குழந்தையோடு தெருவில் நின்ற இளம் தாய்மாரையும் முறைப்படி அனுமதி வாங்கி அங்கே தங்க வைத்தார்.

வரும் பெண்ணிடம் யார் காரணம் என்று அக்கா கேட்டு நான் பார்த்ததில்லை. அதைக் கேட்க அதிகாரிகள் இருக்கிறார்கள் என்பார். "வாய்க்கு என்னத்தா கேக்குது?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. ஒருத்தி ஆடி மாதத்தில் அவித்த பனங்கிழங்கு கேட்டாள். அது தை மாதத்துச் சரக்கு என்று சொல்லிப் பார்த்தேன். "தேடுடா" என்றார். தேடினேன்.

மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்தில் அக்கா கண்டு அழைத்து வந்த பெண்ணுக்குப் பதினேழு வயது. அவளுக்கு ஒன்பதாம் மாதம் வளைகாப்பு நடத்த வேண்டும் என்று அக்கா பிடிவாதமாக நின்றார். மாலை, மனை, ஐந்து வகைச் சோறு, விளக்குத்தூண் கடையில் வாங்கிய கண்ணாடி வளையல் எல்லாம் தயார். தெருவில் அழைத்த பெண்கள் மட்டும் வரவில்லை. கல்யாணம் ஆகாதவளுக்கு என்ன வளைகாப்பு என்று பேசிக்கொண்டார்கள். சுமங்கலி என்று அங்கே நின்றது என் மனைவி ஒருத்திதான். முதல் வளையலை எடுத்து அவள் குனிந்தபோது, அந்தப் பெண் கையை மடக்கிக்கொண்டாள்.

"அம்மா போடட்டும்" என்று அக்காவைப் பார்த்தாள்.

அக்கா இரண்டடி பின்வாங்கினார். "வேணாம்த்தா. நான் தாலியறுத்தவ, பிள்ளை பெறாதவ. என் கை ஆகாது. தம்பி பொண்டாட்டி போடுவா."

ஊர்வாய்க்கு அஞ்சாத அக்கா, தன் கைக்கு அஞ்சினார். எத்தனையோ பிள்ளைகளைப் பூமிக்கு இறக்கி வைத்த கை அது. அதற்குள் இந்தப் பயம் இத்தனை காலம் இருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது.

அந்தப் பெண் அசையவில்லை. "பஸ் ஸ்டாண்டுல அம்புட்டுப் பேரும் பாத்துட்டுத்தான் போனாக. நீங்க மட்டுந்தான் கையப் பிடிச்சீக. இந்தக் கை ஆகாதுன்னா எனக்கு வளையலே வேணாம்."

சொன்னதோடு நிற்காமல் மனையிலிருந்து எழுந்திருக்கவும் பார்த்தாள். அக்கா நடுங்கியபடியே வளையலைப் போட்டுவிட்டார்.

இரண்டு வாரத்தில் வலி கண்டது. பிரசவம் சிக்கலாகி, ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோய்விட்டார்கள். வாசல் பெஞ்சில் அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு, "நான் போட்டிருக்கக் கூடாதுடா தம்பி. அந்தப் புள்ளைக்கு ஒண்ணுன்னா இந்தக் கையை என்ன செய்வேன்?" என்று அரற்றினார். வார்டு வார்டாக அடுத்தவருக்குத் தைரியம் சொன்னவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டி, தாயும் நலம், பெண் குழந்தையும் நலம் என்றார்கள். குழந்தையை அக்காவிடம்தான் முதலில் நீட்டினார்கள். வாங்கும்போது அக்காவின் கை நடுங்கவில்லை.

அதன்பின் அந்த வீட்டில் முதல் வளையல் அக்காவுடையதுதான். பிறகு நடந்ததைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. அன்று வராத அதே தெருப் பெண்கள், தங்கள் மகள்களின் வளைகாப்புக்கு வெற்றிலை பாக்கு வைத்து அக்காவை அழைத்தார்கள். முகம் திருப்பிய நம் சொந்தங்களும்தான். அக்கா எவரையும் குத்திக் காட்டியதில்லை. போய் வளையல் போட்டு, வாழ்த்திவிட்டு வந்தார். படுக்கையில் விழுந்த கடைசி மாதத்தில்கூட ஒரு கர்ப்பிணிப் பெண் கட்டிலருகே வந்து கை நீட்டினாள். படுத்தபடியே போட்டுவிட்டார்.

கடைசிவரை வைத்தியம் பார்த்த மருத்துவருக்கும், கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் வந்த ஆட்டோக்காரத் தம்பிக்கும், இப்போது அந்த வீட்டை எடுத்து நடத்தும் செவிலியர்களுக்கும், துக்கத்தில் பங்குகொண்ட உற்றார் உறவினர் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். தன் பெயரை அச்சிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. ஊரும் உறவும் சொல்லிச் சொல்லி அக்காவே ஆகாது என்று நம்பியிருந்த கையின் முன்னால், பதினேழு வயதில் தன் கையை நீட்டிய அந்த மகளை வணங்குகிறோம்.