ராஜாவின் முட்டி

என் அக்கா புருஷனுக்கு மியூசியத்தில் மந்திரி என்று பட்டப்பெயர். மாடியில் ஏழாம் அறையில் ஆளுயரத்துக்கும் மேலாக ஒரு ஐரோப்பிய ராஜா சட்டத்துக்குள் நிற்கிறார். அவருக்குக் காவலாகப் பத்தொன்பது வருடமாக இவர் பக்கத்தில் நிற்கிறார். மந்திரி பதவி அவ்வளவுதான். நான் கீழே வாசலில் பார்வையாளர்களின் பைகளை வாங்கி வைத்து வில்லை கொடுக்கிறவன். மாடிச் சங்கதியெல்லாம் மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது மாமா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதிலும் பாதியைத் தள்ளுபடி செய்துதான் கேட்டுக்கொள்வேன்.

ராஜா சும்மா நிற்கவில்லை. தரைவரை புரளும் ரோமம் வைத்த அங்கி, இடுப்பில் ஒரு கை, இன்னொரு கையில் செங்கோல், பக்கத்து மேசையில் மெத்தைமேல் கிரீடம். அங்கியை ஒரு பக்கமாக விலக்கி, வெள்ளைப் பட்டுக் காலுறை போட்ட கால்களை ஊருக்கே காட்டிக்கொண்டு நிற்கிறார். அந்தக் கால்கள் ஆட்சியின் உறுதியைக் குறிக்கின்றன என்று கீழே ஒரு பலகை சொல்கிறது.

போன வருடம் மாமாவின் வலது முட்டி வீங்கிப்போனது. நிற்கவே கூடாது என்றார் டாக்டர். அக்கா அவருக்கும் மேலே போய், ஒன்று நாற்காலி வர வேண்டும், இல்லையென்றால் வேலையை விட வேண்டும், மாசக் கடைசிவரை கெடு என்று சொல்லிவிட்டாள். லீவு நாளில்கூட பீரோவுக்குப் பக்கத்தில் போய் நிற்கிற மனிதர் அவர். அந்த அறையை விட்டால் ஆளே ஒடிந்துபோவார்.

மாமா மேடத்திடம் போய்க் கேட்டார். மேடம்தான் எங்கள் இயக்குநர். நல்லவர், ஆனால் ஒழுங்கு என்று வந்துவிட்டால் பெற்ற பிள்ளையையும் வரிசையில் நிற்க வைப்பார். பழங்கள் வரைந்த படங்கள் இருக்கிற அறைக்கு மாறினால் அங்கே நாற்காலி தருகிறேன் என்றார். பழத்தைக் காவல் காத்துக்கொண்டு உட்கார என்னால் ஆகாது என்றார் மாமா.

"ராஜாவே நிக்கிறார். பக்கத்துல நீங்க உக்காந்திருந்தா பாக்க நல்லாவா இருக்கும்?" என்றார் மேடம்.

வேறு யாராவது என்றால் வாயை மூடிக்கொண்டு திரும்பியிருப்பார்கள்.

"ராஜா நிக்கலீங்க மேடம். நின்னது வேற ஆளு," என்றார் மாமா.

அவருடைய வாதம் இது. முகத்துக்கு அறுபது வயது, கன்னம் தொங்குகிறது. கால்களுக்கு முப்பதுகூட ஆகவில்லை. அதை ஓவியர் காக்காய் பிடித்த கணக்கில் விட்டுவிடலாம். ஆனால் பாரம் தாங்குகிற காலின் முட்டியை அந்த ஆள் விறைப்பாக வைக்காமல் துளி மடக்கி வைத்திருக்கிறான். விறைத்து நின்றால் அரை மணியில் தலை சுற்றும் என்பது நின்றே சம்பளம் வாங்குகிறவனுக்குத்தான் தெரியும். ராஜாவுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

மேடம் சிரித்துவிட்டு அனுப்பிவிட்டார். மாமா விடுகிற ஆளா? வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். ஒரே வாரத்தில் ராஜாவின் முகத்தைச் சீந்த ஆளில்லை. கூட்டம் குனிந்து முட்டியைப் பார்த்தது. பலகை ஒன்று சொல்ல, காவலர் வேறு சொல்கிறார் என்று புகார் போனது. மாமாவின் வாயை அடைக்க, படங்களைச் சுத்தம் செய்ய வந்திருந்த நிபுணரை மேடம் ஏழாம் அறைக்குக் கூட்டிவந்தார். கெடு முடிய இரண்டே நாள். நான் கவுண்டரைப் பூட்டிவிட்டு மாடிக்கு ஓடினேன்.

நிபுணர் ஒல்லியான பெரியவர். பூதக்கண்ணாடியால் வெகுநேரம் பார்த்துவிட்டு, மேடத்தை ராஜா மாதிரியே நிற்கச் சொன்னார். மேடம் இடுப்பில் கை வைத்து, செங்கோலுக்குப் பதில் என் கவுண்டரில் யாரோ விட்டுப்போய் நான் கையோடு கொண்டுவந்துவிட்ட குடையைப் பிடித்து, கம்பீரமாகத்தான் நின்றார். மூன்றாம் நிமிடம் செங்கோல் ஆடியது. ஐந்தாம் நிமிடம் மாமாவின் தோளைப் பிடித்துக்கொண்டார். அடுத்து மாமா, வீங்கின முட்டியோடு இருபது நிமிடம் நின்றார். நிற்கிறபோதே முட்டியை எப்படி மடக்குவது என்று விளக்கமும் சொன்னார்.

நிபுணர் சொன்னபடி, அந்தக் காலத்தில் ராஜாக்கள் முகத்தை வரைவதற்கு மட்டும் கொஞ்ச நேரம் ஒதுக்குவார்களாம். அங்கியை மாட்டி நிற்க வைக்க வேறு ஆளைப் பிடிப்பது வழக்கம்தானாம். இந்தப் படத்திலும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவர் சொன்னதும் மேடம் குடையை என்னிடம் நீட்டினார்.

"அந்த ஆளு பேரு என்னங்க?" என்று மாமா கேட்டார்.

"அதை யாரும் எழுதி வைக்கலீங்க," என்றார் நிபுணர்.

மறுநாள் காலையில் மெத்தை வைத்த நாற்காலியே வந்துவிட்டது. அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். மதியம் மாடிக்குப் போய்ப் பார்த்தால் நாற்காலி காலியாக இருக்கிறது. மாமா அதற்குப் பக்கத்தில் நிற்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவரிடம் பேசிப் பயனில்லை என்று அக்காவை நேரில் வரவழைத்தேன். அத்தனை வருடத்தில் முதல்முறையாக அவள் அந்த அறைக்குள் வந்தாள். ஏன் உட்காரவில்லை என்று கேட்டாள்.

"ராஜான்னா உக்காந்திருப்பேன்," என்றார் மாமா. "இவன் நம்ம ஆளு. அவன் நிக்கிறப்ப நான் எப்படி உக்கார்றது?"

அக்கா படத்தில் இருந்த முட்டியைப் பார்த்தாள், புருஷனின் முட்டியைப் பார்த்தாள். மாமாவைக் கிழிக்கப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் நாற்காலியைத் தூக்கி, படத்துக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டாள்.

"இப்ப உக்காருங்க. அவன்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

மாமா உட்கார்ந்தார். அக்கா கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்தபடி அங்கேயே நின்றாள்.