பேட்டி எடுக்கப் போய்த் தலைமை வகித்தேன்

இன்று பாலக்கரையில் ஒரு பழைய ரயில்வே தொழிற்சங்கத் தலைவரின் வீட்டுக்குப் போனேன். அறுபதுகளில் அவர் நடத்திய ஸ்டிரைக்கையும், ஸ்ரீரங்கம்வரை போன சமாதான ஊர்வலத்தையும் அவர் குரலிலேயே பதிவு செய்ய ஆசை.

ரெக்கார்டரைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"கூட்டத்துக்குத் தலைமை யாருங்க?"

"கூட்டம் இல்லீங்க ஐயா. நீங்க, அம்மா, நான், மூணு பேர்தான்."

"தலைமை இல்லாம நான் மைக்குல பேசினதே இல்லீங்க. உங்களையே முன்மொழியறேன்."

சமையலறையிலிருந்து அவர் மனைவி வழிமொழிந்தார்.

முதல் கேள்வியைக் கேட்க வாயெடுத்தேன்.

"தலைவர் கடைசியிலதாங்க பேசணும்," என்றார்.

பிறகு தலைவரான என்னைப் புகழத் தொடங்கினார். ஸ்டிரைக்குக்கு வருவதற்குள் சோறு வெந்துவிட்டது. அம்மா வந்து நன்றியுரை சொல்லிக் கூட்டத்தை முடித்துவிட்டார்.

அறுபதுகளைப் பற்றி ஒரு வரிகூடப் பதிவாகவில்லை. என் அருமை பெருமைகள் முக்கால் மணி நேரத்துக்கு இருக்கின்றன. வேண்டுபவர்கள் கேளுங்கள், அனுப்புகிறேன்.