ஒரு பேண்டேஜ் சுருளுக்காக ஒரே நாளில் நான்கு பயணம்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர். இதற்கெல்லாம் ஒரு பயணக் கட்டுரையா என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். அந்தப் பன்னிரண்டு கிலோமீட்டரை நான் ஒரே நாளில் நான்கு தடவை கடந்தேன்.

எங்களிடம் நான்கு விசைத்தறி இருக்கிறது. பேண்டேஜ் துணி நெய்து, வெளுக்கக் கொடுத்து வாங்கி, சுருட்டி, ஒரு வியாபாரிக்குக் கொடுப்போம். அவர் தன் பெயர் அச்சடித்த உறையில் போட்டு விற்பார். அதில் தப்பு ஒன்றும் இல்லை, இருபது வருடச் சாப்பாடு அது. ஆனால் இரண்டு வருடத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரர் தாசன் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போனபோது, நர்ஸ் ஒரு சுருளைப் பிரித்தார். அதன் கடைசி முனை உள்ளே மடித்துச் செருகியிருந்தது. எங்களிடம் சுருட்டும் வேலம்மாள்தான் அப்படிச் செருகுவாள். "இது என் துணி" என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் உறையில் வேறு பெயர் இருந்தது. தாசன் வலியில் கத்திக்கொண்டிருந்ததால் நான் அழுததற்கு யாரும் காரணம் கேட்கவில்லை.

அன்றிலிருந்து ஓர் ஆசை. என் பெயர் போட்ட உறை ஒன்று, ஒன்றே ஒன்று, ஏதாவது ஓர் ஆஸ்பத்திரி மேசையில் இருக்க வேண்டும்.

இந்த ஆனி மாதம் ஒரு நோட்டீஸ் கைக்கு வந்தது. சிறுதொழில் செய்கிறவர்கள், பெண்கள், சிறுபான்மையினர் அரசுக்கும் பெரிய கம்பெனிகளுக்கும் நேரடியாகச் சரக்குக் கொடுக்க ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபம் ஒன்றில் சந்திப்பு. மாதிரிச் சரக்கு கொண்டுவர வேண்டும், மாலை மூன்று மணியோடு முடியும். நான் சிறுதொழில், பெண், கிறிஸ்தவள். என்னை மனதில் வைத்தே அச்சடித்தது போல இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை ஒரு சுருளை எடுத்துக் காகித உறையில் போட்டு, மேலே 'ஞானம் பேண்டேஜ்' என்று எழுதினேன். எழுத்து கொஞ்சம் கோணல். முதல் சரக்கு வாசலைத் தாண்டும்போது மஞ்சள் வைப்பது வேலம்மாளின் வழக்கம். ஈர மஞ்சளை மூன்று விரலால் எடுத்து உறையில் அப்பினாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது, நான் தடுக்கவில்லை.

8.20க்கு நகரப் பேருந்து. எனக்கு இலவசம், தாசனுக்குப் பன்னிரண்டு ரூபாய்.

"ஆம்பளையாப் பொறந்ததுக்கு அபராதம்" என்றேன்.

"ஏட்டி, எறங்குற வரைக்குமாவது செத்த சும்மா வாரியா?" என்றார்.

9.10க்கு இறங்கினோம். மண்டபத்துக்கு ஆட்டோ ஐம்பது ரூபாய். உள்ளே ஒரு பக்கம் கம்பெனிக்காரர்கள், மறுபக்கம் அரசு ஆட்கள். முதலில் ஒரு கம்பெனி மேசைக்குப் போனேன்.

"மாசம் எம்புட்டு குடுப்பீங்க?" என்று கேட்டார் அங்கே உட்கார்ந்திருந்த தம்பி.

"நாலு தறி எம்புட்டு ஓடுமோ அம்புட்டு."

அவர் பேனாவை மூடிவிட்டார்.

ஆஸ்பத்திரிக்கு வாங்குகிறவர்கள் மேசையில் என் முறை 12.10க்கு வந்தது. கண்ணாடி போட்ட ஓர் அம்மா அதிகாரி. உறையைப் பிரித்துச் சுருளை எடுத்தார். வெள்ளைத் துணியில் பிறை போல மஞ்சள் ஊறியிருந்தது.

"அம்மா, இது காயத்துல கட்டுற துணி. கறை இருந்தா நான் பதியவே முடியாது."

"மஞ்சதான் மேடம். கிருமி செத்துப்போகும்."

"போகும். என் வேலையும் சேந்து போகும்" என்று சிரித்தவர், "வேற சுருள் இருக்கா?" என்றார்.

"வீட்ல இருக்கு."

"மூணு மணிக்கு மேசையத் தூக்கிருவோம், பாத்துக்கோங்க."

12.35க்கு வெளியூர்ப் பேருந்து, ஆளுக்குப் பதினைந்து ரூபாய். ராஜபாளையத்தில் இறங்கி ஆட்டோ எண்பது ரூபாய். வீட்டை அடையும்போது மணி 1.20. வேலம்மாள் வாசலிலேயே நின்றாள்.

"யக்கா, அவிய என்ன சொன்னாக?"

"துணி ரொம்பப் புடிச்சுப்போச்சாம். இன்னொன்னு கேக்காக."

முகம் மலர்ந்து உள்ளே ஓடியவள், புதுச் சுருளோடு மஞ்சள் கிண்ணத்தையும் எடுத்து வந்தாள். அந்தக் கையிடம் போய் உன் மஞ்சளால்தான் திரும்பி வந்தேன் என்று எப்படிச் சொல்வது?

"ஏட்டி, இந்தத் தடவ துணிக்கு வேண்டாம், எனக்கு வையி. பேசப் போறது நான்தான" என்று மணிக்கட்டை நீட்டினேன்.

"ஃபாதர் பாத்தா என்ன சொல்லுவாரு?" என்று காதருகில் கேட்டார் தாசன்.

"அவருக்கும் ஒரு பொட்டு வைக்கச் சொல்லுதேன், வாங்க."

புது உறையில் மறுபடி பெயர் எழுதினேன், மறுபடி ஆட்டோ, மறுபடி பேருந்து. வழியில் ஒருவர் ஆறு மூட்டை ஏற்றினார், அவரை மனதுக்குள் திட்டியதை இங்கே எழுத முடியாது. மண்டபத்தை அடைந்தபோது 2.52.

அந்த அம்மா சுருளைக் கொஞ்சம் பிரித்து, பூதக்கண்ணாடி வைத்து இழை எண்ணினார். "நல்லா இருக்கும்மா" என்றார். பிறகு அதைப் பழையபடி சுருட்டி, முனையை உள்ளே மடித்துச் செருகி, வெறும் வெள்ளை உறையில் போட்டு, 41 என்று ஒட்டினார். என் பெயர் எழுதிய உறையை என்னிடமே நீட்டினார்.

"மேடம், பேரு?"

"பேரு இருந்தா ஆளப் பாத்து எடுத்ததாச் சொல்லுவாங்க. பரிசோதனைக்கு நம்பர் மட்டும்தான் போகும். உங்க நல்லதுக்குத்தான்மா."

நல்லதுக்குத்தான், புரிந்தது. ஆனாலும் பேருந்து நிலையம் வரைக்கும் நான் ஒரு கேலியும் பேசவில்லை. தாசன் பயந்துபோய் நூறு கிராம் பால்கோவா வாங்கி, முதல் வாயை எனக்கே கொடுத்தார். 4.15க்குப் பேருந்து, ஐந்து மணிக்கு வீடு.

இப்படிப் போக நினைப்பவர்களுக்கு: மாதிரி குறைந்தது மூன்று எடுத்துக்கொள்ளுங்கள், பிளாஸ்டிக் உறையில். சிறுதொழில் பதிவுச் சான்று இருந்தால் சில டெண்டர்களில் முன்வைப்புத் தொகை கட்ட வேண்டியதில்லை, கேட்டால்தான் சொல்கிறார்கள். மாதம் எவ்வளவு நெய்ய முடியும் என்பதை மீட்டர் கணக்கில் எழுதிக்கொண்டு போங்கள், என்னைப் போல வாயடிக்காதீர்கள். காலை ஒன்பதரைக்குள் வரிசையில் நில்லுங்கள்.

முடிவு தெரிய இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். இன்னும் வரவில்லை. வேலம்மாளின் மஞ்சள் பட்ட அந்த முதல் உறை பைபிளுக்குள் இருக்கிறது. 41 எங்கே, யார் மேசையில் இருக்கிறது என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். அதில் என் பெயர் இல்லை. ஆனால் யார் பிரித்தாலும், கடைசி முனை உள்ளே மடித்துத்தான் இருக்கும்.